ஒரே தோலுக்குள் இரண்டு உட்கரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணு அமைப்புப் பாடம் நடத்தப் போகும்போது கையில் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போய்த்தான் தீருவேன் என்றால், எந்த வெங்காயம் என்று பார்த்துக்கொண்டு போங்கள். நான் பார்க்காமல் போனேன். அதனால் ஒரு பெண்ணின் படிப்பு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், என் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் வேதியியல் ஆசிரியர்கள் நீங்கள் எல்லாரும் சேர்ந்து, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடுவேன். பயப்படாதீர்கள், ஒன்றே ஒன்றுதான் சொல்லப் போகிறேன். பாடக்குறிப்பு எழுதுவது, செய்முறைத் தேர்வுக்கு உப்பு எடுத்து வைப்பது, இதெல்லாம் நாலு மாதத்தில் தானாக வந்துவிடும். நான் சொல்லப் போவது எனக்கு வருவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

அப்போது நான் அரும்பாவூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்த காலம் அது. என் சொந்த ஊர் செந்துறை. எங்கள் பக்கம் மானாவாரி. எனக்கு முந்திரி தெரியும், கடலை தெரியும். வெங்காயத்துக்கும் எனக்கும் இருந்த உறவு சாம்பாரோடு முடிந்தது. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் சின்ன வெங்காயம் போடும் வீட்டுப் பிள்ளைகள். நடுவது, களை எடுப்பது, அறுப்பது, விதைக்குப் பிரிப்பது என்று கையால் அதைத் தொட்டுத் தொட்டு வளர்ந்தவர்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணு இப்படித்தான் இருக்கும் என்று தாம்சன் சொன்ன மாதிரிக்குத் தர்பூசணி. அது பழைய உவமைதான். சிவப்புச் சதை முழுக்கப் பரவியிருக்கும் நேர்மின்சுமை, விதைகள் எலக்ட்ரான். அறுத்துக் காட்டினேன், பிறகு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். தாம்சனை அவ்வளவு பிரியமாக எந்த வகுப்பும் ஏற்றுக்கொண்டிருக்காது.

ரூதர்ஃபோர்டுக்கு ஓர் அட்டையை உயரத் தூக்கி வைத்து, அடியில் சின்னக் கல் ஒன்றை ஒளித்து, கோலிக்குண்டுகளை உருட்டச் சொன்னேன். குண்டு நேராகப் போனது. இன்னொன்றும் நேராகப் போனது. இருபது, முப்பது குண்டுகள் ஒரு தடையும் இல்லாமல் அந்தப் பக்கம் வந்து விழுந்தன. "உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்று பையன்கள் அலுத்துக்கொண்டபோது, ஒரு குண்டு ணங்கென்று மோதி உருட்டியவன் கைக்கே திரும்பி வந்தது பாருங்கள், வகுப்பே எழுந்து நின்று விசில் அடித்தது! தர்பூசணியில் மோதினால் அப்படித் திரும்புமா? திரும்பாது. அப்படியானால் நடுவில் கெட்டியாக, மிகச் சிறியதாக ஏதோ இருக்கிறது. உட்கருவை நான் சொல்லவே இல்லை, அவர்களே சொன்னார்கள். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த மிதப்பில்தான் அடுத்த விஞ்ஞானி போரின் அணு மாதிரிக்கு வந்தேன். ரூதர்ஃபோர்டின் எலக்ட்ரான் சுற்றச் சுற்ற ஆற்றலை இழந்து உட்கருவில் போய் விழுந்திருக்க வேண்டும். ஏன் விழவில்லை? குறிப்பிட்ட சில வட்டப்பாதைகளில் சுற்றும்வரை ஆற்றல் இழப்பே கிடையாது என்று போர் துணிந்து சொன்னார். அந்தக் கூடுகளைக் காட்டத்தான் வெங்காயம். குறுக்கே வெட்டினேன். வளையம் வளையமாக, நடுவில் ஒரு புள்ளி. "இதுதான் போர் அணு. உங்க ஊரு வெங்காயம்" என்றேன். கைதட்டினார்கள். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து வெட்டிப் பார்க்கவும் சொன்னேன். மறுநாள் வெட்டினார்கள். அடுத்த பாடவேளைக்கு வந்த தமிழாசிரியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகள் வெட்டிய வெங்காயத்துக்குள் என்ன இருந்தது என்று பார்க்க எனக்கு மறந்துபோனது.

காலாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று கேட்டேன்: தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் அணு மாதிரிகளைப் படம் வரைந்து ஒப்பிடுக. நாற்பது தாள்களில் முப்பதுக்கு மேல் ஒரே அச்சு, கட்டம் போட்ட அட்டவணை. திருத்தித் திருத்திக் கை மரத்துப்போன நேரத்தில் தேன்மொழியின் தாள் வந்தது.

தேன்மொழி இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண். அதிகம் பேசமாட்டாள். மருத்துவமனையில் லேப் டெக்னீசியன் ஆக வேண்டும் என்று ஒரு முறை சொல்லியிருந்தாள். அதற்காகவே அறிவியல் பிரிவு எடுத்தவள். அவள் தாளில் போர் அணு என்று எழுதி, ஒரே கூட்டுக்குள் இரண்டு உட்கரு போட்டிருந்தாள். ஒன்றல்ல, இரண்டு! இரண்டிலும் கூட்டல் குறி. எலக்ட்ரான்களையோ வளையத்தின் மேல் வைக்காமல் இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நெருக்கியிருந்தாள்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவ்வளவு அழகாக நடத்திய பாடம்! சிவப்பு மையில் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டேனா? ஆசிரியர் அறையில் தாளைத் தூக்கிக் காட்டி, "இங்க பாருங்க, நம்ம தேன்மொழி அணுவுக்கு ரெட்டைக் கொழந்த பொறந்திருக்கு" என்றேன். அறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

தேர்ச்சிக்கு அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது.

எங்கள் தலைமையாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பெயர் வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. காலாண்டில் வேதியியலில் விழுந்தவர்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவது அவர் கண்டுபிடித்த வைத்தியம். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் மாற்றினால் யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் விழுந்தது ஒருத்திதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் தேன்மொழியின் அம்மாவை வரச் சொல்லிவிட்டார். பிரிவு மாற்றும் படிவத்தில் அம்மா கையெழுத்து, பாட ஆசிரியர் கையெழுத்து, அவ்வளவுதான். மூன்று மணிக்குப் பட்டியல் போக வேண்டும்.

அம்மா வயலிலிருந்து நேராக வந்திருந்தார். மடியில் விதை வெங்காயத்து மண் ஒட்டியிருந்தது. எனக்கென்று ஒரு பையில் வெங்காயம் வேறு கொண்டுவந்திருந்தார்.

"புள்ளயே மாறிக்கிறேங்குதுங்க டீச்சர். எனக்கு என்னங்க தெரியும். அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மதிப்பெண் குறைந்ததில் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பேனாவைத் திறந்தேன். ஏனோ தெரியவில்லை, கையெழுத்துப் போடுவதற்கு முன் அவளை ஒரு தரம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவளையும் அம்மாவையும் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொண்டு போய்த் தாளை மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது? அணுவுக்குள்ள ரெண்டு உட்கரு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "நீங்கதான டீச்சர் வெங்காயம்னீங்க."

"வெங்காயம்னா?"

"எங்க வூட்டு வெங்காயத்துல ஒரு தோலுக்குள்ள ரெண்டு இருக்கும் டீச்சர். ஒத்தையா இருக்கறது கொஞ்சந்தான்."

அம்மா உடனே ஆமோதித்தார். "ஆமாங்க, ரெண்டாப் பிரிஞ்சாதாங்க நல்ல காயி. பிரிச்சு நடறதும் அதைத்தான்." சொல்லிக்கொண்டே பையிலிருந்து நாலைந்து வெங்காயம் எடுத்தார். ஆய்வகக் கத்தியால் நானே வெட்டினேன். முதலாவதில் இரண்டு. அடுத்ததிலும் இரண்டு. மூன்றாவதில் மூன்று!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் நான் வெட்டிக் காட்டியது பெல்லாரி, அதாவது பெரிய வெங்காயம். பின் பெஞ்சுக்கும் தெரிய வேண்டும் என்று பெரம்பலூர் மார்க்கெட்டில் பெரியதாகப் பார்த்து வாங்கியது. அதில் வளையமெல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றித்தான் இருக்கும். காட்டியது பெல்லாரி, சொன்னது "உங்க ஊரு வெங்காயம்". அவள் தன் ஊர் வெங்காயத்தை நம்பினாள். சாம்பாருக்கு உரிக்கும்போது இரண்டாகப் பிரிவதை நானும் ஆயிரம் தடவை பார்த்தவள்தான், கண்ணில் தண்ணீர் வழியும்போது யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்? தப்பு அவள் மேல் இல்லை, முழுக்க என் மேல். காது சூடாகிவிட்டது எனக்கு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெட்டிய வெங்காயத்தையும் அவள் படத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது ஒன்று இடித்தது. வெங்காயத்தில் அந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. அவள் படத்திலோ நடுவில் இரண்டு எலக்ட்ரான்கள். வெங்காயத்தைப் பார்த்து வரைந்தவள் இதை எங்கிருந்து கொண்டுவந்தாள்?

"எலக்ட்ரானை ஏன் இங்க வச்ச? மத்தவங்க எல்லாம் வளையத்துல வச்சிருக்காங்களே?"

அவள் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அம்மா விலாவில் லேசாக இடித்தார்.

"ரெண்டு உட்கருவும் பிளஸ்ஸு டீச்சர். பக்கத்துல பக்கத்துல வச்சா தள்ளிக்கும்ல. அப்படியே உட்டா பிச்சுக்கிட்டுப் போயிரும். அதான் நடுவுல மைனஸ்ஸ வச்சேன். ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சுக்கும்னு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. அவள் வரைந்திருந்தது அணுவே அல்ல, ஹைட்ரஜன் மூலக்கூறு! இரண்டு உட்கருக்கள், நடுவில் பொதுவான இரண்டு எலக்ட்ரான்கள், சுற்றிலும் ஒரே கூடு. அணுவும் அணுவும் எதனால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்ற கேள்விக்கு உரிய பதில். வேதிப் பிணைப்புப் பாடத்தை நான் இன்னும் தொடவே இல்லை. சின்ன வகுப்பில் படித்தபோதும், பங்கிட்டுக்கொள்ளும் என்று சொல்லித்தந்திருப்பார்களே தவிர, ஏன் ஒட்டும் என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். இவள் தானாக அங்கே போய் நின்றிருக்கிறாள்!

பக்கத்து ஆய்வகத்துக்கு ஓடினேன். எங்கள் இயற்பியல் ஆசிரியர் என்னைவிட மூன்று வயது சிறியவர், எதிலும் அவசரப்படாதவர். எந்த மாதிரியைக் காட்டினாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "சரிங்க, இது எந்த எடத்துல ஒடையும்?" அவர் பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து தாளைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். தேன்மொழியிடம் திரும்பி, "இந்த ரெண்டு எலக்ட்ரானையும் எடுத்துட்டா என்னம்மா ஆகும்?" என்றார்.

"பிரிஞ்சு ஓடிரும் சார்."

"ஒண்ணை மட்டும் எடுத்தா?"

யோசித்தாள். "லேசாப் புடிச்சுக்கிட்டு இருக்கும் சார்."

சரியான பதில்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் இந்தச் சிரிப்பு வேறு.

இனிமேல்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம் வருகிறது. சந்தோஷத்தில் புத்தி தடுமாறும் இடமும் அதுதான். மணி இரண்டரை. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தாம்சனும் ரூதர்ஃபோர்டும் சரியாக வரைந்து, விளக்கமும் சரியாக எழுதியிருக்கிறாள். நான் கோபத்தில் பக்கத்தையே அடித்துவிட்டிருக்கிறேன். அதற்கு உரிய மூன்று மதிப்பெண்ணைப் போட்டேன். இன்னும் ஒன்று குறைந்தது. ஒரே ஒன்று.

தலைமையாசிரியர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஒரு மார்க்குதானுங்க டீச்சர்? போட்டு உடுங்க. இவ்வளவு தெறமயான புள்ளைன்னு நீங்களே சொல்றீங்க. எனக்கும் தலவலி வுட்டுது."

போட்டுவிட யாருக்குத்தான் கை வராது? எனக்கும் வந்தது. பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. ஆனால் கேள்வி போர் அணுவைப் பற்றியது. அவள் வரைந்தது எவ்வளவு அற்புதமானதாக இருந்தாலும் போர் அணு இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டால் அது போர் அணு ஆகிவிடும், மார்ச்சில் அதையே வரைவாள். எங்கோ ஓர் ஊரில் அந்தத் தாளைத் திருத்துகிறவருக்கு எங்கள் ஊர் வெங்காயம் தெரியாது.

"போட மாட்டேங்க சார். படம் தப்பு" என்றேன். தேன்மொழியும் அம்மாவும் வாசலில்தான் நின்றார்கள்.

"அப்ப மாத்தற படிவத்துல கையெழுத்துப் போடுங்க."

"அதுலயும் போட மாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? "என்னங்க வெளயாடுறீங்களா? பெயிலுங்கறீங்க, மாத்தாதீங்கங்கறீங்க. நாளைக்கு ரிசல்ட் போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"நான் எழுதித் தரேன் சார். இந்தப் புள்ள பொதுத்தேர்வுல வேதியியல்ல தவறினா நான்தான் பொறுப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். வெளியே வந்ததும் தேன்மொழியின் அம்மா கேட்டார், "மார்க்கும் போடமாட்டேங்கறீங்க, போவவும் உடமாட்டேங்கறீங்க. இப்ப எம்புள்ள பாஸா பெயிலாங்க?" பெயில்தான் என்றேன். மூன்றரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டே போனார் அந்த அம்மா.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக நான் செய்த தப்பைச் சொன்னேன். பெல்லாரியையும் சின்ன வெங்காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இன்னும் எத்தனை பேர் மனதில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று விசாரித்தால், ஐயையோ! எலக்ட்ரான் தோல் மாதிரி தடிமனாக இருக்கும் என்று நினைத்தவர்கள் பாதிப் பேர். கூட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் இடமே இல்லை என்று நினைத்தவர்கள் மீதிப் பேர். அட்டவணையில் எல்லாரும் சரியாக எழுதியிருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. படம் தப்பாகப் போட்ட ஒருத்தியால்தான் எல்லாம் வெளியே வந்தது.

பலகையில் பழைய அட்டவணையை அழித்துவிட்டு, இயற்பியல் ஆசிரியரின் கேள்வியைப் பெரியதாக எழுதினேன்: எந்த இடத்தில் உடையும்? அன்று அந்த வகுப்பு போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். திரும்பி வந்த கோலிக்குண்டில் தாம்சன் உடைகிறார். எலக்ட்ரான் ஏன் விழவில்லை என்பதில் ரூதர்ஃபோர்டு உடைகிறார். ஹைட்ரஜனில் ஜோராக நின்ற போர், இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்துக்கு வந்ததும் தடுமாறுகிறார். ஒருவர் நின்ற இடத்திலிருந்து அடுத்தவர் ஏறுகிறார். "அப்ப கடைசி மாதிரியும் எங்கயாச்சும் ஒடையுமா டீச்சர்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். தெரியாது என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

அதற்குப் பிறகு ஐந்து மாதம் தேன்மொழி ஆய்வகத்தில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கினாள். பேசாத பெண்ணா இது என்றிருந்தது. எதைச் சொன்னாலும் அது எந்த இடத்தில் உடையும் என்று கேட்பாள். பொதுத்தேர்வில் வேதியியலில் அறுபத்தெட்டு வாங்கினாள். என்னை நம்பி எழுதி வாங்கிய தாளைத் தலைமையாசிரியர் என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு டீ வரவழைத்தார்.

மதிப்பெண் பார்த்துவிட்டுத் தேன்மொழி ஆய்வகத்துக்கு வந்தாள். நான் இத்தனை மாதமாகச் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அன்று சொல்லிவிட்டேன். உன் தாளை ஆசிரியர் அறையில் காட்டிச் சிரித்தேன் அம்மா, அது தப்பு என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள். "அன்னைக்கு நோட்டுக் கட்டு வைக்கறதுக்கு வந்து வெளிய நின்னேன். ரெட்டைக் கொழந்தன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்குச் சாயந்தரந்தான் எங்கம்மாகிட்ட குரூப்ப மாத்திக்கிறேன்னு சொன்னேன்."

மதிப்பெண்ணுக்குப் பயந்து போகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். என் வாயைப் பார்த்துப் பயந்து போயிருக்கிறாள். அப்புறம் ஏனம்மா மாறாமல் இங்கேயே நின்றாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஹெச்.எம். சார் ஒரு மார்க்கு போடச் சொன்னாங்கள்ல, நீங்க போடமாட்டேன்னீங்கள்ல. வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பாவம்னு நெனச்சுப் போட்டிருந்தீங்கன்னா நான் போயிருப்பேன் டீச்சர்."